நீர்க் கண்டத்துக்கு ஒரு காப்புறுதி

சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அந்தத் திமிரில் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடலாம்போல் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைக்கூட 'தங்கள் நல்வரவை நாடும்' வரை படிப்பேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்துப் படித்து, அதிலுள்ள பக்கவிளைவுகள் எல்லாம் எனக்கு வந்துவிட்டதாக நம்புவேன். அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஓர் அட்டையைப் படிக்காமல் விட்டேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதனால் கிள்ளானில் ஒரு கல்யாணம் தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோனது. ("நிக்கலம்மா, கொஞ்சம் லேட்டாச்சு, அவ்ளோதான்" என்பார் செல்வம் மாமா. அவர் அப்படித்தான் சொல்வார்.)

எல்லாவற்றுக்கும் தொடக்கம் என் ஜாதகம். நான் பிறந்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜோசியர் என் கட்டத்தைப் பார்த்து, "பொண்ணுக்கு நீர்ல கண்டம் இருக்கு, தண்ணி பக்கம் விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்த வயது வரை என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முடிவு தேதி இல்லாத ஒப்பந்தம் எவ்வளவு ஆபத்து என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பெடுப்பேன். என் வாழ்க்கையே அப்படி ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனபோது நான் மட்டும் வீட்டில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். குளிக்கப் போனால் அம்மா வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பதில் வராவிட்டால் கதவை உடைக்க அப்பாவைக் கூப்பிடுவார். கிள்ளானில் மழைக்கு வெள்ளம் ஏறினால் அக்கம்பக்கத்தில் நாற்காலி, தொலைக்காட்சிகளைத் தூக்கி மேசை மேல் வைப்பார்கள். எங்கள் வீட்டில் என்னைத் தூக்கி வைப்பார்கள்.

இப்படி வளர்க்கப்பட்ட பெண் சொந்தச் சம்பளம் வாங்கி, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியதும் என்ன செய்வாள்? நீச்சல் கற்றுக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதுகில் காற்றுத் தோம்பைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்கும் சேர்ந்து சான்றிதழ் வாங்கினேன். மீன்கள் மீது எனக்குப் பெரிய காதல் எல்லாம் கிடையாது (குழம்பில் இருந்தால் உண்டு). வேண்டாம் என்றதைச் செய்து பார்க்கும் வீம்பு, அவ்வளவுதான். அம்மாவிடம் சனிக்கிழமைகளில் யோகாவுக்குப் போவதாகச் சொன்னேன். யோகாவுக்குப் போய் எப்படி இப்படிக் கறுத்துப்போகிறாள் என்ற கவலையில் அம்மா எனக்குக் கடலைமாவு அரைத்துக் கொடுத்தார்.

எங்கள் பயிற்சியாளர் அந்தோணி, காப்பார்க்காரர். எல்லோரும் அவரைக் கோச் என்போம். பாலிக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்கு முக்குளிக்கக் கூட்டிப்போவதாக அவர் அறிவித்தபோதே ஒரு நிபந்தனையும் வைத்தார். காப்புறுதி இல்லாதவர் படகில் ஏறக் கூடாது. அதுவும் சாதாரணப் பயணக் காப்புறுதி போதாது, முக்குளிப்பையும் சேர்த்துக் காக்க வேண்டும். ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும். அதைக் கரைக்க ஆளை அழுத்த அறை என்ற இரும்பு உருளைக்குள் படுக்கவைத்து மணிக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்குக் கையிலிருந்து கொடுப்பதென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

சும்மா இருப்பேனா? குழுவின் வாட்சப்பில் காப்புறுதிப் பேராசிரியையாக அவதாரம் எடுத்தேன். ஒருத்தி தண்ணீர்க் கண்ணாடிக்கும் கால் துடுப்புக்கும் பொருத்தமாக இளஞ்சிவப்பில் எல்லாம் வாங்கிவிட்டு, காப்புறுதிக்கு மட்டும் "விமான டிக்கெட்டோட ஏதோ ஃப்ரீயா வந்துச்சு" என்றாள். பெட்டி தொலைந்தால் கொடுப்பார்கள், நீ தொலைந்தால் கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குப் பதில் போட்டேன். இன்னொருவன் "மேல இருக்கறவன் பாத்துக்குவான்லா" என்றான். நீ போகப்போவது கீழே என்றேன். ஒவ்வொரு நிறுவனத்தின் விதிகளையும் தரவிறக்கி, எத்தனை மீட்டர் வரை, சான்றிதழ் வேண்டுமா, படகில் தூக்கிப் போகும் செலவு உண்டா, எதையெல்லாம் மறைத்தால் பணம் தரமாட்டார்கள் என்று மஞ்சள் கோடு போட்டு அனுப்பினேன். சளியோடு தண்ணீரில் இறங்கினால் காது போகும், அதைச் சொல்லாமல் இறங்குகிறவர்களுக்குக் காப்புறுதி கொடுக்கவே கூடாது என்று ஒரு குரல்பதிவு வேறு. அந்தக் குரல்பதிவைக் கோச் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இப்படி ஆராய்ந்து, முக்குளிப்பவர்களுக்கென்றே இருக்கும் ஒரு வெளிநாட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பொத்தானை அழுத்தப் போகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. செல்வம் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. காப்புறுதி முகவர். கூடவே கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திவைப்பவர். "மணமக்களை வாழ்த்த மேடைக்கு வாருங்கள்" என்று அழைப்பார். வாழ்த்திவிட்டு இறங்குகிறவரைப் படிக்கட்டில் மடக்கித் தன் அட்டையைக் கொடுப்பார். அவர் படம் போட்ட நாட்காட்டி இல்லாத உறவினர் வீடு கிடையாது. வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் உணவு டப்பாவின் மூடியிலும் அவர்தான். எங்கள் வீட்டில் தயிரைத் திறந்தால் மாமா சிரிப்பார்.

குடும்பத்தில் ஒரு முகவர் இருக்கும்போது வெளியில் காப்புறுதி வாங்குவது எங்கள் சொந்தத்தில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்வதைவிடப் பெரிய குற்றம். பெரியம்மா மகன் ஒருமுறை காருக்கு வெளியாளிடம் எடுத்துவிட்டான். அவன் வீடு குடிபுகுந்த அன்று மாமா வந்தார், பால் பொங்கும்வரை இருந்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அவனுடைய அம்மா இரண்டு நாள் அழுதார்.

அன்றைக்கு மாமா வந்தது என் மருத்துவக் காப்புறுதி அட்டையைப் புதுப்பிக்க. வந்தவர் கைகழுவக் குளியலறைக்குப் போனார். உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"யாரும்மா உள்ள? ஆம்பள ஆளா?"

"யாருமில்ல மாமா. அது என் உடுப்பு."

"உடுப்பா? தல எங்க?"

முக்குளிக்கும்போது போடும் கறுப்பு ரப்பர் உடுப்பைத் துவைத்துக் குளியலறையில் தொங்கவிட்டிருந்தேன். கை, கால், வயிறு எல்லாம் ஆள் உருவத்தில் இருக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு வடிந்துகொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவரிடம் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல அதில் ஒரு வெளிச்சம் வந்தது. முகவர் முகம்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அவ்ளோதான் மாமா. பாலிக்கு ஆபீஸ் செமினார்னு சொல்லியிருக்கேன்."

"நான் ஏன்மா சொல்லப் போறேன்? கிளையண்ட் விஷயம் என் நெஞ்சோட போயிடும். தொழில் தர்மம்." பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஆமா, நீ கிளையண்ட்தானே?"

இதற்கு என்ன பெயர் என்று வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கணினியை மெதுவாக மூடினேன்.

"ஸ்கூபா கவர் ஆகுமா மாமா?"

"எவ்ளோ ஆழம் போவே?"

"பதினெட்டு மீட்டர்."

"பதினெட்டுதானே! பிளேன்ல அத்தனை ஆயிரம் அடி போறதையே கவர் பண்றான், இத பண்ண மாட்டானா? கவர்லா, கவர்! சரி, ஏற்கெனவே ஏதும் வியாதி இருக்கா? சுகர், பிரஷர், ஆஸ்துமா?"

"ஒண்ணும் இல்ல."

"வெரிகுட். நீதாம்மா எனக்கு ஏத்த கிளையண்ட்."

நான் விடவில்லை. முழு விதிகளையும் அனுப்பச் சொல்லி வாங்கி, ஒரு வார மதிய உணவு நேரத்தை அதற்கே செலவழித்தேன். அதிசயம், மாமா சொன்னது சரிதான். சான்றிதழ் உள்ளவர் அனுமதித்த ஆழத்துக்குள் முக்குளித்தால் உண்டு, படகு உண்டு, அழுத்த அறையும் உண்டு. (மாமா படித்துவிட்டுச் சொல்லவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னது பொருந்திவிட்டது.) குறை கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டேன். சில நாளில் மாமா ஓர் உணவு டப்பாவையும் அதற்குள் புதுக் காப்புறுதியின் அட்டையையும் கொடுத்தார். அட்டை முழுக்க அவருடைய ஒட்டி (ஸ்டிக்கர்தான்): சிரித்த முகம், கைப்பேசி எண், 'எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்' என்ற வாசகம். நாற்பது பக்க விதிகளைப் படித்தவள் இதைப் பார்த்தேன், பைக்குள் போட்டேன். டப்பாவோடு இலவசமாக வருவதைப் படிப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேனோ என்னவோ.

பயணத் தேதியில்தான் அம்மாவின் சித்தப்பா மகள் கல்யாணம். கிள்ளானில் பெரிய மண்டபம், மைக் பிடிப்பது செல்வம் மாமா.

"சொந்தக்காரங்க கல்யாணத்தவிட செமினாரு பெருசா போச்சா?" என்று அம்மா கேட்டார்.

"பாஸ் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டாரும்மா."

"கடல் பக்கம் ஹோட்டல் போடாதீங்கன்னு உங்க பாஸ்கிட்ட சொல்லு. ரூம விட்டு வெளிய போகாதே. நீச்சல் குளம் இருந்தா அந்தப் பக்கம் திரும்பியும் பாக்காதே."

திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அது பொய்யில்லை. நீச்சல் குளத்தை நான் பார்க்கவில்லை.

தீவில் முதல் நாள் சொர்க்கம். ஆமை பார்த்தேன், ஆமையும் என்னைப் பார்த்தது. அன்றிரவு விடுதியின் குளிர்சாதனம் என் மூக்கில் வேலையைக் காட்டியது. காலையில் மூக்கடைப்பு. படகில் கோச் வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டார்.

"யாருக்காச்சும் சளி, ஜலதோஷம்?"

இளஞ்சிவப்புக்காரி என்னைப் பார்த்தாள். மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்றவனும் பார்த்தான். எனக்கு அந்தக் குரல்பதிவு ஞாபகம் வந்தது. இத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருப்பதா? "இல்ல கோச்" என்றேன். என் குரலே 'இல்ல' என்று வரவில்லை, மூக்கில் சிக்கி என்னவோ போல வந்தது.

தண்ணீரில் இறங்கும்போது காதில் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அதைச் சரிசெய்ய வேண்டும். சளி இருந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைத்தது. வலி வந்ததும் மேலே ஏறியிருக்க வேண்டும். நான் கன்னம் உப்ப ஊதினேன். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கடல் மொத்தமும் ஒரு சுற்று சுற்றியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கோச் என் கையைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்து படகில் போட்டார். அம்மா சொன்ன கண்டம் இதுதான் என்று அந்தக் கணத்தில் நான் முழுமனதாக நம்பினேன், அதில் வெட்கமில்லை. செத்துப்போனால் அம்மா கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவையோடு அந்தச் செய்தியைக் கேட்பாரே என்று நினைத்தபோதுதான் உண்மையாகவே பயந்தேன். அதன்பின் கோச்சின் காலடியில் வாந்தி எடுத்தேன்.

தீவில் ஒரே ஒரு சிறிய மருத்துவமனை. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, மலாய்போலவே இருந்த தன் மொழியில் விளக்கினார். செவிப்பறை கிழிந்திருக்கிறது. தலைசுற்றல் அதனாலா, காற்றுக் குமிழாலா என்று இங்கே சொல்ல முடியாது. அக்கரையில் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அவசரப் படகு தயாராக இருக்கிறது, காப்புறுதி நிறுவனம் ஒரு வார்த்தை உறுதி சொன்னால் கிளம்பிவிடும்.

"கார்டு எங்கே?" என்றார் கோச்.

மாமாவின் சிரித்த முகத்தை வெளியே எடுத்து, அதிலிருந்த எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் மேளச் சத்தம் கேட்டது. கல்யாண மண்டபம் என்று புரிந்தது. அங்கே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகு கல்யாண வீடியோவில்தான் பார்த்தேன். (விலைக்குப் போட்டிருந்தால் நல்ல வசூல் ஆகியிருக்கும்.)

மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டார். ஐயர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தியிருக்கிறார். மேடை ஓரத்தில் மாமா, ஒரு கையில் மைக். கைப்பேசி அடித்ததும் மறு கையால் எடுக்கிறார். வாடிக்கையாளர் அழைப்பை எடுக்காமல் விடுவது அவர் தர்மத்தில் இல்லை. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போடுகிறார். அந்த நேரம் பார்த்து ஐயர் ஏதோ சொல்ல, மேளம் நிற்கிறது. மைக் மட்டும் நிற்கவில்லை.

"செல்வம் இன்சூரன்ஸ், வணக்கம்!"

"மாமா! நான்தான் மாலினி! காதுல ரத்தம் வருது மாமா!"

"என்னம்மா சொல்றே? எங்க இருக்கே?"

"கடலுக்கு அடியில போனேன்ல, காது கிழிஞ்சி போச்சி! ஆஸ்பத்திரி படகு நிக்குது, இன்சூரன்ஸ் ஓகே சொல்லணும்! சீக்கிரம் மாமா! அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க! செமினார்னு பொய் சொல்லிட்டு வந்தது தெரிஞ்சா அம்மா என்னைக் கொன்னுடுவாங்க!"

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைப் பார்த்தேன். அறவில்லை. ஒரு மண்டபம் மொத்தமும் மூச்சை அடக்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கேட்டேன், நல்ல காதால். பிறகு எதிரொலியோடு ஒரு குரல் வந்தது. அம்மா மேடையேறி மைக்கை வாங்கியிருந்தார்.

"மாலினி."

"...அம்மா."

"நீ தண்ணியில இருக்கியா, தரையில இருக்கியா?"

"தரையிலம்மா."

"அப்போ உக்காரு. நிக்காதே." அடுத்தது எனக்கில்லை. "செல்வம், எம்புள்ளைக்கு என்ன செய்யணுமோ செய்டா."

மாமா என்ன செய்வார்? மேனேஜருக்கு வாட்சப் பண்ணுகிறேன் என்றார், திங்கட்கிழமை முதல் வேலையாக ஆபீசுக்குப் போகிறேன் என்றார். அன்றைக்கு ஞாயிறு. கோச் பொறுமையிழந்து என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கொஞ்சம் தடிப்பாக இருந்ததால் ஒட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மாமாவின் முகம் கன்னத்திலிருந்து உரிந்து வந்தது. அதனடியில் கொட்டை எழுத்தில், 'வெளிநாட்டு அவசர உதவி, 24 மணி நேரம்' என்று ஓர் எண். சின்ன எழுத்துகூட இல்லை. கொட்டை எழுத்து.

கோச் என் கைப்பேசியை வாங்கினார். "பாஸ், உங்க படத்துக்கு அடியில கம்பெனி ஹாட்லைன் இருக்கு!"

"ஆமா ஆமா, அதுக்குத்தான் அடிக்கணும்!" என்றார் மாமா, மைக்கில்.

"அப்புறம் ஏன் பாஸ் அதுமேல உங்க மூஞ்சிய ஒட்டி வச்சிருக்கீங்க?"

அதற்குப் பிறகு நடந்ததை நான் கேட்கவில்லை. நாங்கள் அந்த எண்ணுக்கு அழைத்துவிட்டோம். ஒரு பெண் நிதானமாகப் பெயர், சான்றிதழ் எண், ஆழம் கேட்டாள்; சற்று நேரத்தில் மருத்துவமனைக்கு உறுதி வந்தது; படகு கிளம்பியது. ஆனால் வீடியோவில் இருக்கிறது. மண்டபத்தில் பாதிப் பேர் மாமாவின் வாடிக்கையாளர்கள். முன்வரிசையில் ஒருவர் மெல்லப் பணப்பையைத் திறக்கிறார், அட்டையை எடுக்கிறார், நகத்தால் சுரண்டுகிறார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையைத் துழாவுகிறார். கேமரா திரும்பும் பக்கமெல்லாம் குனிந்த தலைகள். காஜாங்கிலிருந்து வந்திருந்த ஓர் அங்கிள் எழுந்து நின்று கத்துகிறார்: "டேய் செல்வம்! போன தீவாளிக்குக் கார் ஹைவேயில நின்னப்ப நீ போனே எடுக்கலையேடா! அடியில நம்பர் இருந்திருக்குடா!" மேடையில் மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நிற்கிறார். பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். ஐயர் "நேரம் போறது, நேரம் போறது" என்கிறார். சொல்லிக்கொண்டே அவரும் இடுப்பிலிருந்து ஒரு பணப்பையை எடுக்கிறார்.

(தாலி நல்ல நேரத்துக்குள்தான் கட்டினார்களாம். தம்பதி நன்றாக இருக்கிறார்கள். என்னோடு மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை.)

காற்றுக் குமிழ் இல்லை. காது மட்டும்தான். விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லும்வரை பாலியில் படுத்துக் கிடந்தேன். அத்தனை உறவினரும் அழைத்து, மண்டபத்தில் என் குரல் எப்படித் தெளிவாகக் கேட்டது என்று பாராட்டினார்கள். அம்மா அழைக்கவில்லை. நான் அழைத்தால் அப்பா எடுத்து, "சாப்பிட்டியா? சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுவார். கிள்ளானுக்கு வந்து சேர்ந்த பிறகும் அம்மா வாய் திறக்கவில்லை. சோறு வரும், குழம்பு வரும், மருந்து வரும். பேச்சு மட்டும் வராது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்படி இருக்கையில் காப்புறுதி நிறுவனத்திலிருந்து இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி அழைத்தார். தமிழ்ப் பையன், மரியாதையான குரல். எனக்கு ஒரு காதுதான் வேலை செய்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். (ஸ்பீக்கரால் இவ்வளவு பட்ட பிறகுமா என்று கேட்காதீர்கள்.) அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கேள்வி மிஸ். டிரிப்புக்கு முன்னாடியே உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருந்துச்சா? பிரி-எக்ஸிஸ்டிங் கண்டிஷன்?"

சளி தீவுக்குப் போன பிறகு வந்தது. அதை டாக்டரிடமும் கோச்சிடமும் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அவரிடமும் சொன்னேன். "முன்னாடி ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

"இருக்கு!" என்றார் அம்மா. அத்தனை நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "தம்பி, எழுதிக்குங்க. இவளுக்கு நீர்ல கண்டம் இருக்கு."

"என்ன இருக்கு ஆன்டி?"

"கண்டம். தண்ணியில. பொறந்ததுல இருந்தே இருக்கு."

"அம்மா, சும்மா இருங்க!"

"நீ சும்மா இரு. எதையும் மறைச்சா கிளைம் கிடைக்காதுன்னு ஊருக்கெல்லாம் நீதானே சொல்வே? மறைக்காம சொல்றேன். தம்பி, ஜாதகம் வேணும்னா காப்பி எடுத்து அனுப்பறேன்."

 பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பிறகு அந்தப் பையன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "எந்த வயசு வரைக்கும் ஆன்டி?"

"அதத்தாம்பா நான் கேக்காம விட்டுட்டேன்" என்றார் அம்மா. 

இழப்பீடு கிடைத்தது. அதை விடுங்கள். அழைப்பு முடிந்ததும் அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ கடல்ல எறங்கினே. சரி. வளந்த பொண்ணு, கட்டிப் போட முடியாது. ஆனா செல்வத்துக்குத் தெரிஞ்சிருக்கு. காப்பாருல இருக்கற எவனுக்கோ தெரிஞ்சிருக்கு. ஒனக்கு ஒண்ணுன்னா அவங்களத்தான் கூப்பிடுவே. எனக்கு மைக்குல கேட்டாத்தான் தெரியும். அப்படித்தானே?"

எவ்வளவு நீளமான வாதத்திலும் எதிர்த்தரப்பின் ஓட்டையைக் கண்டுபிடிப்பவள் நான். அம்மா சொன்னதில் ஓர் ஓட்டையும் இல்லை. அழுதேன். அழுதால் காதுக்கு நல்லதில்லை என்று அம்மா அதட்டினார், தானும் அழுதுகொண்டே.

மாமாவை ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு வியாபாரம் கூடிவிட்டது. "ஆழ்கடல்ல இருந்து கூப்பிட்டாலும் எடுப்பேன், தாலி கட்டற நேரத்துலயும் எடுப்பேன், நீங்களே பாத்தீங்க" என்று அதையே விளம்பரமாக்கிக்கொண்டார். ஒட்டியை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கிறார், எண் என்னவோ இன்னும் அதற்கடியில்தான். எங்கள் சொந்தத்தில் இப்போதெல்லாம் யாராவது எதையாவது மறைப்பதுபோல் தெரிந்தால், "ஸ்டிக்கர உரி" என்பார்கள். யாருக்காவது தும்மல் வந்தால் "பிரி-எக்ஸிஸ்டிங்கா?" என்று கேட்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா காப்பி கொடுத்த கையோடு நீர்க் கண்டம், கிழிந்த காது, வீம்பு என்று வரிசையாகச் சொல்லி, "அப்புறம் சொல்லலேன்னு சொல்லக் கூடாது பாருங்க" என்று முடித்தார். கிளம்பும்போது மாப்பிள்ளைப் பையன், "கவர் எவ்ளோ ஆன்டி?" என்று கேட்டான். அவனைத்தான் கட்டிக்கொண்டேன்.

காது ஆறி, டாக்டர் அனுமதித்து, மறுபடி ஒரு பயணம் வந்தது. இந்த முறை அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன்.  "அந்த அட்டையக் கொண்டா" என்றார் அம்மா. மாமா புதிதாகக் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனவர் திரும்பி வந்து என் கையில் வைத்தார். சமையலறை டப்பாக்களுக்கு 'மல்லி', 'சீரகம்' என்று எழுதி ஒட்டும் வெள்ளைத் தாள் மாமாவின் முகத்தின்மேல் ஒட்டியிருந்தது. பேனாவால் தன் கைப்பேசி எண்ணை எழுதி, கீழே 'முதல்ல அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தார்.

அதை உரித்தால் மாமா இருப்பார். மாமாவை உரித்தால்தான் நிறுவனம். இந்த அட்டையை நான் கவனமாகப் படித்திருக்கிறேன். எதையும் உரிக்கவில்லை.